நம்ம ஆளுக்கு மட்டும் புது பேட்டரி

1

மிங்கலாடோன் விமான நிலையத்தில் வந்து இறங்கி இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிகிறது. ஊரில் இருக்கும் நீங்கள் இன்னும் யாங்கூனை ரங்கூன் என்றுதான் சொல்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தூத்துக்குடியிலிருந்து கல்யாணம் கட்டி அழைத்துவரப்பட்ட நான் இங்கே இன்னும் அந்நியர் பதிவுப் புத்தகத்தோடுதான் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று, 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'கணவருடன் இருக்க' என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குகிறேன். இந்த வருடம் முத்திரை வாங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுப் பேட்டரி செத்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. மனம் குளிர எதையாவது எழுதுவாள் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு நகரின் வடக்கே இன்சீனில், ரயில் பட்டறைக்குப் பின்பக்கத் தெருவில். மின்சாரம் நான்கு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும் என்று அட்டவணை உண்டு. அட்டவணைக்கும் மின்சாரத்துக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கரண்ட் வந்ததும் தெருவெங்கும் 'மீ லா பி' என்று குரல் எழும். விளக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தக் குரல் கேட்டதும் மாவரைப்பது, துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாவற்றையும் அடித்துப் பிடித்துச் செய்துவிட வேண்டும்.

என் மாமனாரின் மூச்சை அப்படி அட்டவணை போட்டு வாங்க முடியாது. எண்பதைத் தாண்டியவர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். நெஞ்சு அடைத்துக்கொண்டால் நெபுலைசர் வைத்து மருந்துப் புகையை இழுத்தாக வேண்டும். அது மின்சாரத்தில் ஓடுகிற கருவி. அதற்காகவே ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கியிருந்தோம், வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை புகை இழுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் கையைத் தூக்கிக் காட்டினார். கருவி நின்றுவிட்டது. பெட்டியின் திரை மட்டும் பேட்டரி நிறைய இருக்கிறது என்று பச்சையாக எரிந்து, பிறகு அதுவும் அணைந்தது. கணவர் துறைமுகப் பக்கம் வேலையில் இருந்தார். நானும் மகளும் அவரை ஆளுக்கொரு பக்கம் தாங்கி, வாடகைக் கார் பிடித்து, ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு சிகிச்சையகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். மருத்துவர் இன்னொரு தடவை இப்படித் தாமதமானால் நான் பொறுப்பில்லை என்று சொன்னார்.

சாயங்காலம் தெருமுனை மின்சாரக் கடைக்காரர் பெட்டியின் திருகுகளைக் கழற்றிக் காட்டினார். உறை புதியது. உள்ளே இருந்தவை எல்லாம் எங்கோ எதிலோ ஓடித் தேய்ந்த பழைய பேட்டரிகள், மேலே இருந்த எழுத்தைச் சுரண்டி நீல டேப் சுற்றியிருந்தார்கள்.

2

அதை வாங்கிய விதத்தைச் சொல்லவேண்டும். இங்கே பாதி வியாபாரம் முகநூல் நேரலையில் நடக்கிறது. விற்பவர் பொருளைத் தூக்கிக் காட்டி எண் சொல்வார். வேண்டுமென்றால் அந்த எண்ணைப் போட்டு 'யூமெ', அதாவது எடுத்துக்கொள்கிறேன், என்று கீழே எழுத வேண்டும். எழுதிவிட்டால் முடிந்தது, மறுநாள் பொருள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எழுதிவிட்டு வாங்காமல் போனால் உங்கள் படத்தைப் போட்டு மானத்தை வாங்குவார்கள். பொருள் சரியில்லை என்றால் நீங்கள் அவர்கள் படத்தைப் போட்டு மானத்தை வாங்கலாம். நீதிமன்றம், வக்கீல், அப்பீல் எல்லாம் அந்தப் படம்தான்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் மகள்தான் அதிகாரி. ஞானஸ்நானப் பெயர் ரெஜினா, வெளியில் சூ சூ. இருபது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியில் பதில் சொல்வாள். பத்து வருடமாக எங்கள் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. சூ சூ என்ற பெயரில்தான் பேட்டரிக்கும் 'யூமெ' போட்டாள். விற்றவர் கோ ஸா என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். நாற்பது வயது, சந்தனம் போல தனகா பூசிய கன்னம், தேன் ஒழுகும் பர்மியப் பேச்சு. வாங்குகிற பெண்களையெல்லாம் அக்கா, தங்கை என்றுதான் கூப்பிட்டார்.

அதே நேரலையில் டோ மியாவும் வாங்கினார். 'டோ' என்பது இங்கே மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல். நகரின் நடுவே பபேடானில், தமிழ்க் கடைகளும் பள்ளிவாசலும் கோவிலும் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றில், அவர் மொஹிங்கா விற்கிறார். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். விடிவதற்கு முன்பே கடை போடுகிறவர் என்பதால் விளக்குக்குப் பேட்டரி தேவைப்பட்டிருக்கிறது. பத்து வருடமாக மாதத்துக்கு இரண்டு தடவையாவது நானும் கணவரும் அங்கே காலையில் சாப்பிடுகிறோம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கும் தண்ணிய ஊத்தி வச்சிருக்கா" என்று கணவரிடம் தமிழில் சொல்வது என் வழக்கம். பாராட்டுகிறேன் என்று நினைத்து அவரும் சிரிப்பார், ஒரு வடையைச் சேர்த்துப் போடுவார்.

3

மகள் கோ ஸாவுக்குச் செய்தி அனுப்பினாள், பெட்டியைத் திறந்த படங்களோடு. படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இரண்டாவது செய்தி அனுப்பியபோது எங்களைத் தடை செய்திருந்தார்.

புகார் வாங்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். குடிமக்கள் அட்டை எண் கேட்டாள். எனக்கு இல்லை, புத்தகம்தான் இருக்கிறது என்றேன். படிவத்தில் புத்தகத்துக்குக் கட்டம் இல்லை என்றாள். கணவர் பெயரில் எழுதலாம், ஆனால் அவர் நேரில் வர வேண்டும், வாங்கியது சூ சூ என்பதால் அவளும் வர வேண்டும், விற்றவரின் உண்மைப் பெயரும் தெரிய வேண்டும். உண்மைப் பெயர் தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று கேட்கத் தோன்றியது. அவ்வளவு நீளமான கோபத்துக்கு என் பர்மி போதாது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் வேறொரு கணக்கு வழியாக அவருடைய நேரலைக்குள் நுழைந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே பெட்டி, அதே தேன். கீழே டோ மியாவின் கேள்வி வந்தது. தன் கணக்கில் முகத்துக்குப் பதில் சட்டியில் குழம்பு கொதிக்கும் படம் போட்டிருப்பார், உடனே தெரிந்துவிடும். நான் வாங்கியது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, தம்பி கொஞ்சம் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். நாங்கள் படித்து முடிப்பதற்குள் அந்த வரி காணாமல் போனது.

அடுத்த நிமிடம் இன்னொரு பர்மியப் பெண் ஏழாம் எண்ணுக்கு 'யூமெ' போட்டாள். கோ ஸா சிரிப்பு மாறாமல், தலையை மட்டும் லேசாகத் திருப்பி, "மல்லிகா, பழசுல ஒண்ணு எடு. பர்மாக்காரிக்குத்தான்" என்றார்.

நல்ல தமிழ். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "பழசு மூணுதான் கெடக்கு" என்றது. அவர் திரும்பவும் காமிராவைப் பார்த்து, பெட்டி பிரிக்காத புதுசு தங்கச்சி என்று பர்மியில் சத்தியம் செய்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் காதில் விழுந்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், எங்கே தமிழ் கேட்டாலும் காது தானாக விரியும். அந்த ஒரு நொடிக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தமிழே பேசாத பெண்ணுக்கு அந்தத் தமிழ் முழுக்கப் புரிந்திருந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்தே அவள் நேரலையைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

4

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. என் அப்பா தூத்துக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக இருந்தார். கிராக்கி கையில் காசு கனமாக இருக்கிறது, விலையை ஏற்று என்று பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டுமானால், "பெரியவுகளுக்குத் தண்ணி குடுல" என்பார். தண்ணீரும் வரும், விலையும் ஏறும். தண்ணீர் குடித்தவர் எவ்வளவு மரியாதை என்று மகிழ்ந்து போவார். வீட்டில் அப்பா இதை நடித்துக் காட்டும்போது நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

இங்கே வந்தபோது அந்த வசதி எனக்கு ஊர் முழுக்கக் கிடைத்தது. சந்தையில் பேரம் பேச பர்மி தெரியாது. எதைக் கேட்டாலும் அசடு வழிய நிற்பேன். ஆனால் கடைக்காரி முகத்துக்கு எதிரே நின்று, இவள் ஏமாற்றுகிறாள், அடுத்த கடைக்குப் போகலாம் என்று தமிழில் சொல்ல முடிந்தது. பாஷை இல்லாத ஊரில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. யாங்கூன் தமிழர் வீடுகளில், கடைகளில் எல்லாருக்கும் இது பழக்கம். பிள்ளைகள் தமிழை மறந்துபோனார்கள் என்று ஞாயிறுதோறும் கோவில் வாசலில் புலம்புவோம். இந்த உபயோகத்துக்கு மட்டும் அது யாருக்கும் மறப்பதில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். கோ ஸாவின் காலை நான் அறிந்துகொண்டது அப்படித்தான்.

5

மகளின் யோசனை எளிமையானது. ஒரு நிமிடக் காட்சி, கீழே பர்மியில் மொழிபெயர்ப்பு, பெரிய குழு ஒன்றில் போட்டுவிட வேண்டியது. பாதி மொழிபெயர்ப்பை அவள் எழுதியே முடித்திருந்தாள். 'பர்மாக்காரிக்குத்தான்' என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு கவனமாகப் பொருள் தேடியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு முழுச் சம்மதம். நீலம் பாரித்த உதட்டை நான் பார்த்தவள். அந்த ஆள் தெருவில் நிற்க முடியாமல் போக வேண்டும், அவன் மனைவி மல்லிகா கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கணவர்தான் தடுத்தார். அவர் பெயர் ஆரோக்கியம். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல.

"அதப் போட்டா அவன மட்டும் திட்ட மாட்டாங்க" என்றார். "கலான்னு ஒரே வார்த்தையில எல்லாரையும் திட்டுவாங்க. நாளைக்கு நம்ம அப்பா தெருவுல போனா அவரையும்தான்."

கலா என்பது இங்கே இந்திய முகம் உள்ள எவரையும் இழிவாகச் சொல்லும் சொல். அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் பத்துப் பேர் பேட்டரியைப் பற்றி எழுதுவார்கள். பதினோராவது ஆள் எங்கள் தோலைப் பற்றி எழுதுவான். அதற்குப் பிறகு பேட்டரி யாருக்கும் நினைவிருக்காது. தப்பு செய்தவன் அவன் ஒருவன்தான். நாங்கள் எறியப்போகிற கல் அவன் ஒருவன் மேல் மட்டும் விழாது.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம பாஷையில் கூப்பிட்டு, நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். நமக்குள் முடித்துக்கொண்டால் ஏழாம் எண் பெண்ணுக்கு என்ன முடிவு, டோ மியாவுக்கு என்ன முடிவு என்று கேட்டேன். முதலில் அப்பாவுக்கு மூச்சு வேண்டும் என்றார். உள் அறையிலிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலுக்கு முன்னால் என் நியாயமெல்லாம் வாயை மூடிக்கொண்டது.

6

கோ ஸாவின் தொலைபேசி எண்ணை எங்கிருந்தோ மகள் தேடித் தந்தாள். நான் கூப்பிட்டேன். 'ஹலோ'வுக்குப் பிறகு ஒரு வார்த்தை பர்மி பேசவில்லை. பழையதில் ஒன்றை எங்கள் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் என் மாமனார் சாகப் பார்த்தார் என்று நேராகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் குரல் மாறி வந்தது, நெருங்கிய சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட குரல்.

"அடடா, அக்கா நம்ம ஆளா? சூ சூன்னு பேரு இருந்துச்சா, பர்மாக்காரங்கன்னு நெனச்சுட்டேன். நம்ம ஆளுன்னு தெரிஞ்சா அப்படிக் குடுப்பேனா?"

மன்னிப்பு என்று நினைத்து அதைச் சொன்னார். நான் கேட்டதிலேயே கேவலமான மன்னிப்பு அது. அடுத்த நாள் காலை தானே புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்சீன் வந்து சேர்ந்தார். உண்மைப் பெயர் சேகர். முனிசிபல் வேலைக்கு வந்தவர்களின் வம்சம், மூன்று தலைமுறையாக பபேடானில் இருக்கிறார்கள். மாமனாரைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டார். பெட்டியைத் திறந்து உள்ளே எல்லாம் புதிது என்று காட்டினார். நெபுலைசரை ஓட்டியும் காட்டினார்.

அவர் தரப்பையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வது ஒருதலையாகப் போய்விடும். எல்லையைத் தாண்டி வருகிற சரக்கில் பத்துக்கு நாலு பழையதாகத்தான் வருகிறதாம். அனுப்புகிறவனிடம் கேட்டால் அடுத்த சரக்கு வராதாம். "என்னய ஏமாத்துறவன்கிட்ட நான் எந்தப் பாஷையில அக்கா அழுவேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. பத்தில் நாலு பழையது என்றால் யாருக்காவது அது போய்த்தான் ஆக வேண்டும், யாருக்குப் போக வேண்டும் என்று அவர் தீர்மானித்து வைத்திருக்கிறார். நாட்டில் எல்லாரும் இப்படித்தான் தீர்மானிக்கிறார்கள், அவரைத் தனியாகத் தூக்கில் போட எனக்கு என்ன தகுதி என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு டோ மியாவின் கேள்வி அழிந்துபோனது நினைவுக்கு வந்தது.

மற்றவர்களுக்கும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அவர்கள் கேட்டால் பார்க்கலாம் என்றார். கேட்டவர்களின் வரியை அழித்துவிடுகிறீர்களே என்றேன். அதற்குச் சிரித்துவிட்டு, கணவரைப் பார்த்து, விஷயம் நமக்குள் இருக்கட்டும் அண்ணே என்றார். கணவர் தலையாட்டினார். பிறகு சேகர் என்னைப் பார்த்தார். பெட்டி என் மாமனாரின் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதன் வயர் கருவிக்குள் செருகியிருந்தது. நானும் தலையாட்டினேன்.

டீ மட்டும் கொடுக்கவில்லை. என் எதிர்ப்பு அன்றைக்கு அவ்வளவோடு முடிந்தது.

7

பேட்டரி நன்றாக ஓடியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மின்சாரம் போகும், பெட்டி பச்சையாக எரியும், மாமனார் சீராக மூச்சு விடுவார். ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டது. நக்குண்டார் நாவிழந்தார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். அது ஒரு பேட்டரியின் எடை என்று இப்போதுதான் தெரிந்தது.

மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் சேகரின் நேரலையை ஓடவிட்டு, கைபேசியை என் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் எதையோ விற்றுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் தமிழில் கேட்டது: "அந்த இன்சீன் அக்கா இருக்காங்களான்னு பாத்துக்கிட்டுப் பேசுங்க."

அவர்கள் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மகள் அந்த வாரத்தில் முதல்முறையாக வாய் திறந்தாள், அதுவும் தமிழில். "நீயும் அவங்க கடை ஆளு ஆயிட்டம்மா" என்றாள். பத்து வருடமாக அவள் தமிழ் பேச மாட்டாளா என்று ஏங்கியவள் நான். கேட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானமே மகள் சொன்ன அந்தப் பெரிய குழுவில் எழுதினேன். மகளின் காட்சியைப் போடவில்லை. தமிழ், பர்மாக்காரி, கலா எதுவும் அதில் இல்லை. என் பெயரில், என் படத்தோடு, என் சொந்தப் பர்மியில் ஐந்து வரி. இவரிடம் பேட்டரி வாங்கினேன், உள்ளே பழையது இருந்தது. கேட்டேன், புதியது தந்தார், வெளியே சொல்லாதே என்றார். சரி என்று தலையாட்டியது என் தவறு. உங்களுக்கும் அவர் மாற்றித்தர வேண்டும், போய்க் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சனிக்கிழமை காலை பபேடானில் நான் உங்களோடு வருகிறேன்.

சின்னப் பிள்ளை எழுதியதைப் போல இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்றாள் மகள். வேண்டாம், இது நான் எழுதியதாகவே இருக்கட்டும் என்றேன். அவளுடைய காட்சியை அழிக்கச் சொல்லவும் இல்லை. நான் அவ்வளவு நல்லவள் கிடையாது.

வாக்குத் தவறினேன். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் ஆசை, வருத்தம் இருக்கிறது. அந்த வாக்கைக் கொடுத்ததில் இருக்கிற வருத்தம் அதைவிடப் பெரிது. சேகர் கூப்பிட்டு, சொந்த ஆள் என்று நம்பியதற்குச் செருப்பால் அடித்தீர்கள் என்று கத்தினார். பேட்டரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுக்க வரவில்லை. கணவர் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறந்தார். கீழே வந்த மறுமொழிகளில் நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர். கலாவே, உன் ஊருக்குப் போ என்றும் நாலு பேர் எழுதியிருந்தார்கள். போவேன், அவசரமில்லை, என் புத்தகத்தில் முத்திரை இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கிறது.

8

சனிக்கிழமை, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் பிடித்துப் போனேன். கூட வருகிறேன் என்று எழுதியவர்கள் ஆறு பேர், வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி ஏழாம் எண்காரி, வாத்தியாரம்மா. மூன்று பேருமாகச் சேகர் கடை முன்னால் போய் நின்றோம். நான் பேசவில்லை, அவர்கள்தான் பேசினார்கள். சேகர் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பெட்டிகளையும் மாற்றிக் கொடுத்தார். உள்ளே மல்லிகா, "சொந்தச் சாதியையே காட்டிக் குடுத்துட்டா பாரு" என்றாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான். கேட்டது.

டோ மியா வரவில்லை. அவருடைய கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவருக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது, நாமே போய்ச் சொல்லிக் கையோடு அழைத்துவருவோம் என்று நடந்தேன். உண்மையைச் சொன்னால், நன்றி கேட்கவும்தான் போனேன்.

காலைக் கூட்டம் கலைந்திருந்தது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பர்மியையெல்லாம் திரட்டி விளக்க ஆரம்பித்தேன். அந்த ஆள் தெரிந்தேதான் பழையதைக் கொடுத்தான், அவன் என் பாஷையில் சொன்னதை நான் கேட்டேன், உங்களுக்கு அது புரிந்திருக்காது, இப்போது போனால் மாற்றித் தருவான், வாருங்கள். பாதி வாக்கியங்கள் நடுவிலேயே தடுக்கி விழுந்தன. டோ மியா நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, வாழைத்தண்டு சேர்த்து, கரண்டியால் சட்டியை அடிவரை கிளறிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் பேசினார்.

"எனக்கும் கேட்டுச்சு அக்கா. அன்னிக்கு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பழசுல ஒண்ணு எடு, பர்மாக்காரிக்குத்தான்னு சொன்னான்."

தமிழ்தான். என் பர்மியைவிட எவ்வளவோ மேலான தமிழ். பதினாலு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அடுத்த தெருவில் ஒரு தமிழ் வீட்டில் வேலை பார்த்தாராம், அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்த்ததே அவர்தானாம். இவ்வளவு தெரிந்தும் ஏன் நீங்களே வெளியே சொல்லவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும். பர்மாக்காரி சொல்லிட்டான்னு கூட்டம் கூடும், கலா கலான்னு கத்தும். எனக்குச் சோறு போட்ட வீட்டையும் சேத்துத்தான் திட்டுவாங்க. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் சொல்லட்டும்னு இருந்தேன்." கரண்டியைத் தட்டி வைத்தார். "ரெண்டு வாரம் ஆயிடுச்சு."

எந்த யோசனையில் என் வீட்டில் சண்டை போட்டோமோ, அதே யோசனையை இந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, இருட்டில் கடை போட்டுக்கொண்டு, எங்களுக்காக யோசித்திருக்கிறார். வாக்கும் கேட்கவில்லை, புதுப் பேட்டரியும் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பத்து வருடம், மாதம் இரண்டு தடவை, இதே முக்காலி, இதே சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருந்தது.

சட்டி காலியானதும் சேகர் கடைக்கு வருவதாகச் சொன்னார். கிண்ணத்தை என் கையில் கொடுத்து, எப்போதும் போல ஒரு வடையைச் சேர்த்துப் போட்டார்.

"சாப்பிடுங்க அக்கா" என்றார். "இன்னைக்குத் தண்ணி ஊத்தல."